அரக்கனுக்கு முட்டி வலி

பேராண்டி, நீ போன்ல அனுப்பின வீடியோவப் பார்த்தன். உங்க ஆயா கண்ணாடிய மாட்டிக்கினு ரெண்டு வாட்டி பார்த்துச்சி. மொத வாட்டி நீ எளச்சிப் போயிட்டன்னு கண்ணக் கசக்குச்சி. ரெண்டாவது வாட்டி, "இவன் இன்னாத்துக்கு இருட்டுல நின்னு பேசறான், கரண்ட்டு பில்லு கட்டலியா"ன்னு கேட்டுச்சி. அதுக்குப் பேரு ஸ்டாண்ட்-அப் காமெடி, ஒத்த ஆளா நின்னுக்கினு சிரிக்க வெக்கறதுன்னு நான் வெளக்கம் சொன்னன். "நீயும் அம்பது வருசமா தெருக்கூத்துல ராவெல்லாம் நின்னுக்கினு தான இருந்த, உனக்கு எவன் முன்னூறு ரூபா டிக்கெட்டு போட்டான்"னு ஒரே போடு. கட்டியக்காரன் வீட்ல கட்டியக்காரனுக்கு மேல ஒருத்தி கீறா, அத மறந்துடாத.

சரி, சங்கதிக்கு வரன். நல்லாத்தான் பேசற. தொண்டை கணீர்னு கீது. ஆனா அஞ்சு நிமிசம்ன்றியே, அஞ்சு நிமிசத்துல எங்க துரியோதனன் காலு சலங்கையக்கூட கட்டி முடிக்க மாட்டான். திரைய ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சிக்கினு நிப்பாங்க. பின்னாடி அவன் பாடுவான், ஆடுவான். கிரீடத்தோட உச்சி ஒரு வாட்டி தெரியும், சலங்கை கட்டின காலு ஒரு வாட்டி தெரியும், ஆளு மட்டும் வர மாட்டான். முகவீணைக்காரன் கன்னம் வீங்கற வரைக்கும் ஊதுவான். ஜனம் எட்டி எட்டிப் பார்க்கும். தூங்கற கொழந்தைங்கள எழுப்பி ஒக்கார வெப்பாங்க. நீ இன்னாடான்னா "ஹாய் கைஸ்"ன்னு தபால்காரன் மாதிரி வந்து நிக்கற.

அப்பால, என்னய வெச்சி ஒரு ஜோக்கு. எங்க தாத்தா கிராமத்துல இன்னும் கோவணம் தான்னு. ஜனம் சிரிச்சிது, சந்தோசம். ஒரே ஒரு திருத்தம்: 1985ல இருந்து நான் ஜட்டி தான் போடறன். மேடையில பொய் சொல்லலாம், தப்பில்ல. சொல்றதப் பெரிசா சொல்லு, கோவண சைசுல சொல்லாத.

அடுத்தது, உங்க அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் தூங்கறான்னு ஒண்ணு. வீட்டு வேலைக்கு வர்ற அம்மா தப்புத்தப்பா இங்கிலீஷ் பேசுதுன்னு ஒண்ணு. எனக்கும் சிரிப்பு வந்துச்சி, இல்லன்னு சொல்ல மாட்டன். ஆனா பார்த்து முடிச்சதும் சோத்துல உப்பு போடாத மாதிரி ஒரு கொற. ரொம்ப நேரம் யோசிச்சன். அப்பால தான் புரிஞ்சிது. அஞ்சு நிமிசத்துல ஒரு அரக்கன் கூட இல்லியேடா?

கெழவனுக்கு மறை கழண்டுடுச்சின்னு நெனக்காத. எனக்கு அரக்கனுங்கன்னா உசுரு. சாமிங்க மேல பக்தி கீது, வெள்ளிக்கெழம கற்பூரம் ஏத்தறன். பாசம்னா அது அரக்கனுங்க மேல தான். இது எப்ப புடிச்ச பைத்தியம்னு சொல்றன் கேளு.

எனக்கு அப்ப பத்து வயசு இருக்கும். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக்குக் கொடி ஏறி, பகல்ல பாரதம் படிக்கறதும் ராவுல கூத்துமா ஊரு களகட்டிக் கெடந்துச்சி. அன்னிக்கு பகாசுரன் சண்டை. பீமன் வண்டி நெறைய சோத்தோட ஊரச் சுத்தி வந்துட்டான். திரைக்குப் பின்னாடி இருந்து பகாசுரன் ஒரு கத்து கத்தினான் பாரு, எங்க அம்மா மடியில படுத்திருந்த நான் எழுந்து ஓடினன். ஓடினது தப்பான தெசை. வேசம் கட்டற கொட்டாய்க்குள்ள போயி மூட்டைக்குப் பின்னாடி பூந்துக்கினன். கொஞ்ச நேரம் கழிச்சி, ஆட்டத்த முடிச்சிட்டு அவனே உள்ள வரான். கண்ணச் சுத்தி செவப்பு. கன்னமெல்லாம் வெள்ளப் புள்ளி. தோளு மேல ஆளு அகலத்துக்கு புஜகீர்த்தி. வாயில ரெண்டு கோரப்பல்லு. எனக்கு டவுசர் நனஞ்சி போச்சி.

அவன் "யம்மாடி"ன்னு இடுப்பப் புடிச்சிக்கினு ஒக்காந்தான். கோரப்பல்லக் கழட்டி பொட்டி மேல வெச்சான். என்னப் பார்த்து, "தம்பி, அந்த வெத்தலைய செத்த இடிச்சிக் குடு ராசா"ன்னான். வாயப் பார்த்தன். சொந்தப் பல்லு ஒண்ணு கூட இல்ல.

ஊரு சோத்த வண்டி வண்டியா முழுங்கறவன், ஒரு வெத்தலைய மெல்ல முடியாம ஒக்காந்திருக்கான். நான் சின்ன ஒரல்ல வெத்தல பாக்க போட்டு டொக்கு டொக்குன்னு இடிச்சிக் குடுத்தன். அவன் ஒதட்டுல அரிதாரம் அழியாம அத வாங்கி உள்ள தள்ளினான். வெளிய ஜனம் இன்னும் பயந்துக்கினு கெடக்குது. எனக்கும் பயம் முழுசாப் போவல, சிரிப்பு வேற வந்துக்கினே இருக்குது. அந்த ராவு தான் நான் கட்டியக்காரன் ஆனது. குல்லா மாட்டினது அப்பால ஏழெட்டு வருசம் கழிச்சி.

கட்டியக்காரன்னா இன்னா வேலன்னு உங்க ஆபீசுல கேட்டா எதுவும் சொல்லி மழுப்பாத. தலையில கூம்புக் குல்லா, கையில ஒரு கோலு. வாசக்காவல் நான், தூது போறது நான், தேவப்பட்டா குறி சொல்றவனும் நான். மத்த வேசத்துக்கெல்லாம் பாட்டு பெரிசு, எனக்குப் பேச்சு தான் பெரிசு. ராஜா அட்டகாசமா வந்து நின்னா, "யாரய்யா நீ, ஊரு பேரு இன்னா"ன்னு அவனக் கேக்கற ஒரே ஆளு நான். அவன் செந்தமிழ்ல கர்ஜன பண்ணுவான். நான் அத ஒடச்சி நம்ம பாஷையில ஜனத்துக்குப் பங்கு போடணும்.

துரியோதனன் கேப்பான், "அடே காவலா, நமது நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" நான் சொல்லுவன், "ஆகா, பொழியுது மகாராஜா! மேலத்தெரு மாரி, கீழத்தெரு மாரி, அரமனையில ஏனம் தேய்க்கற மாரி. மூணு மாரியும் கூலி பாக்கின்னு காலையில இருந்து வாசல்ல நின்னு பொழியறாளுங்க, காது குடுத்துக் கேக்க முடியல!"

ஜனம் கொல்லுன்னு சிரிக்கும். அப்ப நான் எங்க பார்ப்பன் தெரியுமா? முன்னாடி நாற்காலி போட்டு ஒக்காந்திருப்பாரு ஒருத்தரு, ஊர்ல பெரிய மனுசன், அந்த ராவு கூத்துக்கு செலவு அவருது. மல்லாட்டை புடுங்கின கூலிய மூணு மாசமா குடுக்காதவரும் அவரு தான். நான் அவரு பக்கம் திரும்பவே மாட்டன். வெச்ச கண்ணு வாங்காம துரியோதனனப் பார்ப்பன். ஊரு ஜனம் மொத்தமும் அவரப் பார்க்கும். அவரும் சிரிக்கணும், வேற வழி? துரியோதனனத் தானடா சொன்னன், அவர எங்க சொன்னன்? கதையில கெட்டவனெல்லாம் எனக்கு அரக்கன் கணக்கு தான். அரக்கன்றவன் ஆலமரம் மாதிரி. பின்னாடி நின்னுக்கினு யாரு மேல வேணா கல்லு வுடலாம். நீ மரமே இல்லாத பொட்டக்காட்டுல நின்னுக்கினு வாட்ச்மேன் மேல வுடற.

இத ஒண்ணும் நான் பொறக்கும்போதே தெரிஞ்சிக்கினு பொறக்கல. அடிபட்டுத்தான் தெரிஞ்சிது. குல்லா மாட்டின மூணாவது வருசம்னு நெனக்கறன். ஜனம் சொணங்கிப் போயிருந்துச்சி, ராவு ரெண்டு மணி. முன்னாடி ஒரு அம்மா, கொஞ்சம் பருத்த ஒடம்பு, மடியில கொழந்த. நான் திடீர்னு கோல நீட்டி, "மகாராஜா, பகாசுரனுக்கு வண்டியில சோறு அனுப்பினீங்களே, மிச்சத்த யாரு தின்னாங்கன்னு இப்பத்தான் தெரியுது"ன்னுட்டன். அடடா, அது மாதிரி சிரிப்பு எனக்கு அன்னிய வரைக்கும் வந்ததில்ல. கூட்டமே உருண்டுச்சி. அந்த அம்மாவும் சிரிச்சாப்ல தான் இருந்துச்சி. கொஞ்ச நேரம் கழிச்சி கொழந்தைய தோள்ல போட்டுக்கினு, பாயச் சுருட்டி கக்கத்துல வெச்சிக்கினு, இருட்டுல நடந்து போயிடுச்சி.

விடிஞ்சதும் கூத்து வாத்தியாரு கூப்ட்டாரு. மெச்சிக்கப் போறாருன்னு பல்ல இளிச்சிக்கினு போனன். "ஏன்டா, ஆறடி ஒசரத்துல கிரீடம் வெச்ச அரக்கன் உன் பக்கத்துலயே நிக்கறான். அவன வுட்டுட்டு ஒன் கண்ணு பாயில ஒக்காந்தவ மேல எதுக்குடா போச்சி"ன்னு கேட்டாரு. அன்னிய கூலியில பாதிய வெட்டிட்டாரு. அந்தப் பாதிக் கூலிய அடுத்த ஊர்ல இருக்கும்போது, ஒரு டீ ரெண்டு போண்டா தின்னும்போது, கணக்குப் போட்டுக்கினே இருந்தன். இப்பவும் ஒன் வாட்ச்மேன் ஜோக்கக் கேட்டதும் அந்தப் பாயச் சுருட்டற சத்தம் கேட்டுச்சி. ஒனக்குக் கூலி வெட்ட ஆளு இல்ல, அதான் நான் எழுதறன்.

கட்டியக்காரனுக்கு இன்னொரு சிக்கல் கீது. எங்க வாய மூடணும்ன்றது. துகில் உரியற ராவு வந்து பாரு. நம்ம துச்சாதனன் பகல்ல டிராக்டர் ஓட்டறவன். திரௌபதி வேசம் கட்டறவன் அவனுக்கு மச்சான் மொறை, ரெண்டு பேரும் ஒரே தட்டுல தின்றவனுங்க. அந்த ராவு மட்டும் சாயங்காலத்துல இருந்து துச்சாதனன் யாரு கூடயும் பேச மாட்டான். மேடைக்கு வந்து, ஆட்டம் போட்டு, மீசைய முறுக்கி, ஊரு வசவெல்லாம் வாங்கிக்குவான். சேலையில கை வெக்கற கட்டம் வந்ததும் பாட்டு நிக்கும். கற்பூரம் ஏத்துவான். "தாயே, கதைக்காகத் தொடறன், என் கொலத்தக் காப்பாத்து"ன்னு அம்மனக் கும்புட்டு வுழுவான். அது நடிப்பு இல்ல. கற்பூரத்த வாங்கற என் கையில அவன் கை நடுங்கறது தெரியும். எழுந்ததும் மறுபடி அரக்கன், சேலைய இழுப்பான், கூட்டத்துல ரெண்டு மூணு பொம்பளைங்களுக்கு சாமி வந்துடும்.

அந்தக் கற்பூரத்துக்கும் அந்த இழுப்புக்கும் நடுவுல நான் இத்தன வருசத்துல ஒரு வார்த்த பேசினதில்ல. நாக்கு நமநமங்கும். நல்ல நல்ல ஜோக்கா வந்து நிக்கும் வாயில. முழுங்கிடுவன். உன் அஞ்சு நிமிசத்த நான் வாட்ச்சு வெச்சிப் பார்த்தன், நீ தண்ணி குடிக்கக்கூட வாய மூடலியே கண்ணு.

இதுல ஒரு வேடிக்க பாரு. தஞ்சாவூர் பக்கம் மெலட்டூர்ல பாகவத மேளம்னு பிரகலாதன் கதை போடுவாங்க. அதுல நரசிம்மம் முகமூடிக்குப் பூஜ பண்ணி, வேசக்காரரு விரதம் இருந்து மாட்டுவாரு. இரணியன் மேல பாயற கட்டத்துல அவரப் பின்னாடி இருந்து ஆளுங்க புடிச்சிக்குவாங்க, ஆவேசத்துல நெஜமாவே எதாவது ஆயிடுமேன்னு. எனக்கு அதக் கேட்டதுல இருந்து ஒரே சிரிப்பு. சாமி வேசம் போட்டவரத்தான் ஆளு வெச்சிப் புடிக்க வேண்டியிருக்குது. அரக்கன் வேசக்காரன் பாவம், சொன்ன எடத்துல நிப்பான்.

பகல்ல பாரதம் படிக்க வர்ற பிரசங்கி ஒருத்தரு எனக்கு சிநேகிதம். படிச்ச மனுசன். அவரு தான் ஜெயங்கொண்டார் கதையச் சொன்னாரு. முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துல, தொளாயிரம் வருசத்துக்கு முன்னாடி, கலிங்கத்துப்பரணின்னு பாடினவரு. ராஜா ஜெயிச்ச சண்டையப் பாடுய்யான்னா, மனுசன் பாதிப் பாட்ட பேய்ங்களுக்கு எழுதி வெச்சிருக்காரு. பசியில வயிறு முதுகோட ஒட்டிப்போன பேய்ங்க. சண்ட முடிஞ்சதும் களத்துலயே அடுப்பு வெச்சி கூழு காய்ச்சுதுங்களாம். அதுக்கு முன்னாடி சுத்தபத்தமா பல்லு வேற வெளக்குதுங்க, யானைத் தந்தத்துல! யானை எலும்புல நாக்கு வழிக்குதுங்க! கூழு ஊத்தும்போது இதுக்கு ஊத்து அதுக்கு ஊத்துன்னு பந்தி வெசாரணை வேற. வயித்துல புள்ளையோட வந்த பேய்க்குத் தனிக் கவனிப்பு. இத எழுதினவரு ராஜாவோட புலவரு. ஆனா எனக்கென்னமோ அவரு மனசு பேய்ங்க பந்தியில தான் ஒக்காந்திருந்துச்சின்னு தோணுது. ராஜா ஜெயிச்சா புலவனுக்குப் பொன்னு, பேய்ங்க ஜெயிச்சா கூழு. கூழக் காய்ச்சற எடத்துல தான பேச்சு சுவாரசியமா இருக்கும்?

நம்ம அரக்கோணத்துக்கு அந்தாண்ட திருவாலங்காடு போயிருக்கியா? காரைக்கால் அம்மையாரு சாமியோட ஆடலப் பார்த்துக்கினு ஒக்காந்திருக்கற எடம். நல்ல செட்டியாரு வீட்டுப் பொண்ணு, அழகு. அந்த அழகு வேணாம், பேயுருவு குடுன்னு சாமிகிட்ட வரம் வாங்கின அம்மா. கையிலாயத்த காலால மிதிக்கக் கூடாதுன்னு தலையாலயே நடந்து போச்சாம். எதிர்ல அப்படி ஒரு உருவம் வரத பார்த்து சாமி பயந்துக்கல, அம்மான்னு கூப்ட்டாரு. எனக்கு அந்த எடம் ரொம்பப் புடிக்கும். சூரனையும் பாரேன். தல மாத்தி தல வெச்சி, மாமரமா நின்னு, இத்தன சண்ட போட்டவன முருகன் இன்னா பண்ணாரு? மயிலாவும் சேவலாவும் ஆக்கி கூடவே வெச்சிக்கினாரு. தோத்தவனுக்கு உத்தியோகம் போட்டுக் குடுத்த மொதலாளி அவரு ஒருத்தரு தான்.

சினிமா அரக்கனுங்களும் எனக்கு ஆவும். 1957ல வந்த மாயாபஜார நான் பார்த்தது பல வருசம் கழிச்சி, டென்ட்டு கொட்டாயில, மணல்ல ஒக்காந்து. எஸ்.வி.ரங்காராவ் கடோத்கஜனா வந்து கல்யாண வீட்டுப் பலகாரத்த ஒத்த ஆளா தீக்கறாரு. லட்டு தானா பறந்து வாயில பூவுது. என் கையில இருந்த முறுக்க மறந்துட்டன். அதே மனுசன் பத்து வருசம் கழிச்சி தெலுங்கு பக்த பிரகலாதாவுல இரணியனா வந்து வயித்தக் கலக்கினாரு. சிரிக்க வெச்ச அதே ஒடம்பு, அதே கண்ணு.

நீ கூட போன பொங்கலுக்கு கம்ப்யூட்டர்ல ஜப்பான்காரன் படம் காட்டினியே, 1954ல எடுத்தது, காட்ஸில்லா. ஊர மிதிச்சிக்கினு வருதே அந்த ஜந்து, அது உள்ள நக்கஜிமான்னு ஒரு ஆளு ரப்பர் சட்டைய மாட்டிக்கினு நடக்கறான், கனம் தாங்காது, புழுக்கத்துல வேர்த்து ஊத்தும்னு சொன்னியே. மத்த கதையெல்லாம் மறந்துடுச்சி, அது மட்டும் மறக்கல. மறுநா ராவு மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது கூட அந்த ஆளத்தான் நெனச்சிக்கினன். அவனுக்கு யாரு வெத்தல இடிச்சிக் குடுத்திருப்பா?

பதினெட்டாம் நாளு படுகளத்துக்கு நீ சின்னப் புள்ளையில வந்தது. மைதானத்துல துரியோதனன மண்ணால மல்லாக்கப் படுக்க வெச்சிருப்பாங்க. நம்ம ஊர்ல நாப்பது அம்பது அடி இருக்கும். மீசை மட்டும் என் தொட தண்டி. நீ அது கால் கட்டவெரல்ல ஏறி ஒக்காந்துக்கினு எறங்க மாட்டன்னு அடம் புடிச்ச. தொடையில செவப்புத் தண்ணி சட்டியப் பொதச்சி வெச்சிருப்பாங்க, பீமன் கதையால அங்க அடிச்சதும் பீறிக்கினு வரும், திரௌபதி அதத் தொட்டுக் கூந்தல முடிவா. அப்பால அரக்கனுக்கு ஒப்பாரி. பதினேழு நாளா அவனுக்கு சாபம் வுட்ட அதே பொம்பளைங்க மூக்க சிந்துவாங்க. கூட்டம் கலைஞ்சதும் ஆளுக்கு ஒரு புடி அவன் மண்ண முந்தானையில முடிஞ்சிக்கினு போவாங்க, வீட்ல வெச்சா நல்லதுன்னு. தர்மராஜா ஒடம்புல இருந்து ஒருத்தரும் ஒரு துளி மண்ணு கேட்டதில்ல. அவரு பாவம், நல்லவரு, ஓரமா நின்னுக்கினு இருப்பாரு.

அன்னிக்கு வெயில்ல, அந்த மண்ணு துரியோதனன் நெழல்ல, வேசம் கட்டின துரியோதனன் ஒக்காந்துக்கினு பீடி புடிச்சான். தன்னோட பொணத்துக்குப் பக்கத்துலயே. "மீசைய கொஞ்சம் பெரிசா வெச்சிட்டானுங்க இல்ல?"ன்னு என்னக் கேட்டான். இத நான் யாருகிட்டயும் மேடையில சொன்னதில்ல. வேணும்னா நீ எடுத்துக்கோ.

இந்த வருசமும் சித்திரையில கொடி ஏறுது. லீவு போட்டுட்டு வா. ஒனக்கு வேசமெல்லாம் கெடையாது, ஆசப்படாத. துரியோதனன் வரும்போது திரையோட ஒரு பக்கத்த புடிச்சிக்கினு நிக்கணும், அவ்ளோ தான். சும்மா இல்ல, கை கடுக்கும். கைய கொஞ்சம் தாழ்த்தினாலும் அரை மூஞ்சி தெரிஞ்சிடும், அப்பால அவன் வந்தா இன்னா, வராட்டி இன்னா. போன நோண்டாத.

வரும்போது தாம்பரத்துல எறங்கி நல்லதா ஒரு தைலம் பாட்டில் வாங்கிக்கினு வா. துரியோதனனுக்கு அறுவது தாண்டிடுச்சி, முட்டி மடக்க முடியல. உன் காதுகுத்துக்கு உன்னத் தோள்ல தூக்கிக்கினு கோயிலு வரைக்கும் நடந்தவன் அவன் தான். எனக்குன்னு சொல்லி வாங்கு, அவனுக்குன்னு தெரிஞ்சா உங்க ஆயா காசு குடுக்காது.